மோட்டார் ஓடினால் ஆர்டுயினோ ஏன் தடுமாறுகிறது? வீட்டில் செய்த ரோபோவுக்கான கேள்வி பதில்கள்

ஆர்டுயினோ ஊனோ என்ற ஒரு சிறு கட்டுப்பாட்டு போர்டு, அதன் சொல்படி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஓர் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, முன்னால் எதிரொலியால் தூரத்தை அளக்கும் ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். முதல் ரோபோ செய்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சாமான்களோடுதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்யும். எல்லாவற்றையும் சேர்த்துத் தரையில் விட்டால் போர்டு ரீசெட் ஆகும் (ப்ரோக்ராமை முதலிலிருந்து தொடங்கும்), சென்சார் உளறும், டிஸ்ப்ளே உறைந்து நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பல பிள்ளைகள் ரோபோவைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் இந்தக் கோளாறுகள் எல்லாமே கண்டுபிடிக்கக்கூடியவை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் சுற்றத் தொடங்கியதும் போர்டு ரீசெட் ஆகிறது. மோட்டார் உண்டாக்கும் மின் இரைச்சல்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. ‘மோட்டார் நாய்ஸ்’ என்ற ஒரே பெயரில் நாம் மூன்று வெவ்வேறு கோளாறுகளைக் குறிப்பிடுகிறோம். மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டை அள்ளி இழுப்பதால் பேட்டரி வோல்டேஜ் சரிவது ஒன்று. மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் பிரஷ், தண்டோடு சுழலும் கம்யூட்டேட்டரில் உரசும்போது பறக்கும் பொறி இன்னொன்று. மோட்டார் கரண்ட்டும் சென்சார் சிக்னலும் ஒரே கிரவுண்ட் வயரில், அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகும் வயரில், திரும்புவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல், மின்சாரத்தைச் சிறிது சேமித்துத் தரும் கெப்பாசிட்டராக வாங்கி ஒட்டிக்கொண்டே போனால் காசும் நேரமும்தான் போகும்.

ரீசெட் என்றால் முதல் சந்தேகம் வோல்டேஜ் சரிவின் மேல்தான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மோட்டாரின் இரண்டு முனைகளிலும் பிடித்து, தண்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் கொடுத்தால், சக்கரம் அசையும் முன் அந்த மோட்டார் 1 ஆம்பியர் கேட்கும். இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் 2 ஆம்பியர். சுற்ற ஆரம்பித்த பிறகு இதில் சிறு பங்குதான் தேவைப்படும். ஆனால் போர்டு விழுவது அந்த முதல் நொடியில்தான்.

மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாகத்தானே காட்டுகிறது?

காட்டும். சில மில்லிசெகண்ட் மட்டுமே நீடிக்கும் சரிவு மல்டிமீட்டருக்குத் தெரியாது, அது சராசரியைத்தான் காட்டும். வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றாலும் வழி இருக்கிறது: ப்ரோக்ராமின் செட்டப் பகுதியில், 13-ஆம் பின்னில் உள்ள எல்இடி மூன்று முறை சிமிட்டும்படி எழுதுங்கள். ரோபோ ஓடும்போது அந்த மூன்று சிமிட்டல் மறுபடி வந்தால் போர்டு ரீசெட் ஆகிவிட்டது என்று அர்த்தம். சிமிட்டல் வராமல் ரோபோ மட்டும் நின்றுபோனால் கோளாறு வேறிடத்தில். இது எளிய வேலைதான், ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்பதை இதுவே சொல்லிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊனோவில் உள்ள சிப், வோல்டேஜ் ஏறக்குறைய 2.7-க்குக் கீழே போனால்தான் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். ஆனால் அது ஓடும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் குறைந்தது 3.8 வோல்ட் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வோல்டேஜ் மாட்டிக்கொண்டால் சிப் ரீசெட்டும் ஆகாது, ஒழுங்காக ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. ‘ரீசெட் ஆகவில்லை, ஆனால் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறது’ என்று சொல்பவர்களின் ரோபோவில் இது நடந்துகொண்டிருக்கலாம்.

வோல்டேஜ் சரிவா, பிரஷ் பொறியா என்று எப்படிப் பிரித்தறிவது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு சிமென்ட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். அளந்த ஓம் அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். 6 ஓம் மோட்டாருக்கு 6.8 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போதும். அதே ப்ரோக்ராமை ஓட விடுங்கள். ரெசிஸ்டர் கரண்ட்டை இழுக்கும், ஆனால் பொறி விடாது. இப்போதும் போர்டு தடுமாறினால் கோளாறு பேட்டரியிலோ வயரிலோ இருக்கிறது. மோட்டார் இருக்கும்போது மட்டும் தடுமாறினால் பிரஷ் பொறிதான். ரெசிஸ்டர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், அதனால் சில நொடிகளுக்கு மேல் ஓட்ட வேண்டாம், பிளாஸ்டிக் மேலே வைக்கவும் வேண்டாம்.

9 வோல்ட் பேட்டரி போட்டிருக்கிறேன். மோட்டாருக்கு 6 வோல்ட் போதுமே, அப்புறம் என்ன?

வோல்ட் போதும், ஆம்பியர் போதாது. ரிமோட்டிலும் மல்டிமீட்டரிலும் போடும் அந்தச் சதுரப் பேட்டரியை மோட்டாருக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய அல்கலைன் பேட்டரிக்கே உள்ளே 1 முதல் 2 ஓம் வரை தடை உண்டு. 2 ஆம்பியர் இழுத்தால் 2 முதல் 4 வோல்ட் உள்ளேயே போய்விடும். பேட்டரி தீரத் தீர அந்தத் தடை ஏறிக்கொண்டே போகும். பல கிட்களில் இந்தப் பேட்டரிக்கான கிளிப்பைச் சேர்த்தே கொடுப்பதால் பிள்ளைகள் இதுதான் சரி என்று நம்பிவிடுகிறார்கள்.

எல்298என் டிரைவரும் தன் பங்குக்குச் சாப்பிடும். அது பழைய டிரான்சிஸ்டர் வகை. 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அதற்குள்ளேயே வெப்பமாகப் போய்விடும். அதனால் ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கைப் போட்டு, 4.8 வோல்ட்டில் எல்298என்-ஐ ஓட்டினால் மோட்டாருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும், அது எல்298என்-க்குப் பொருந்தும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லாக வாங்குங்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ஏஏ பேட்டரிதான் வேண்டும் என்றால் டிபி6612 அல்லது டிஆர்வி8833 டிரைவருக்கு மாறிவிடுங்கள். இவை மாஸ்ஃபெட் வகை, இழப்பு மிகக் குறைவு.

லேப்டாப்பில் யூஎஸ்பி மாட்டியிருந்தால் நன்றாக ஓடுகிறது, கழற்றினால் தடுமாறுகிறது.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி இருக்கும்போது போர்டுக்கு 5 வோல்ட் லேப்டாப்பிலிருந்து வருகிறது, பேட்டரி மோட்டாரை மட்டும் சுமக்கிறது. கழற்றியதும் இரண்டு சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது. ஊனோவில் பேட்டரியை இணைக்கும் விஇன் பின்னுக்கு 6 வோல்ட் கொடுப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். போர்டில் உள்ள ரெகுலேட்டருக்கு 7 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே நிலையான 5 வோல்ட் வரும்.

சரி, போர்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனிப் பேட்டரி போட்டால் தீர்ந்துவிடுமா?

வோல்டேஜ் சரிவு தீரும். போட்டிக்குப் போகும் ரோபோ என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன். ஆனால் இரண்டு பேட்டரியின் நெகட்டிவ் முனைகளையும் இணைக்க மறக்காதீர்கள். ‘தனியாகத்தானே வைத்திருக்கிறோம், எதற்கு இணைக்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட் சிக்னல் எதை வைத்து 5 வோல்ட் என்று டிரைவருக்குத் தெரியும்? இருவருக்கும் பொதுவான ஒரு பூஜ்ஜியம் வேண்டும். அது இல்லையென்றால் மோட்டார் ஓடவே ஓடாது, அல்லது இஷ்டத்துக்கு ஓடும்.

கிரவுண்ட் வயரை எங்கே இணைத்தாலும் ஒன்றுதானே?

சர்க்யூட் படத்தில் ஒன்றுதான். மேசையில் அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தரையில் உள்ள கோட்டைப் பின்தொடரும் லைன் ஃபாலோயர் ரோபோ செய்பவர்கள் வாரக்கணக்கில் அல்லாடுவது இங்கேதான்.

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு ஜம்பர் வயர், வயர்களைச் செருகி இணைக்கும் பலகையான பிரெட்போர்டின் நீல வரிசைக்குப் போகிறது. அதே வரிசையில் டிரைவர், ஆர்டுயினோ, சென்சார் மூன்றின் கிரவுண்டும் செருகியிருக்கிறது. அந்த மெல்லிய வயரும் பிரெட்போர்டின் கவ்வும் சேர்ந்து 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 1 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே 0.1 வோல்ட் எழும். அந்தப் பாதையின் நடுவே சென்சாரும் ஆர்டுயினோவும் வெவ்வேறு இடத்தில் செருகப்பட்டிருந்தால், சென்சாரின் பூஜ்ஜியமும் ஆர்டுயினோவின் பூஜ்ஜியமும் ஒன்றாக இருக்காது. ஊனோவின் அனலாக் பின்னில் ஒரு படி என்பது சுமார் 4.9 மில்லிவோல்ட். 0.1 வோல்ட் என்றால் 20 படி. கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைத் தரைக்கும் இடையிலான வித்தியாசம் குறைவாக உள்ள இடத்தில் 20 படி பிசகினால் ரோபோ கோட்டை விட்டு இறங்கிவிடும். கையில் தூக்கிப் பிடித்துச் சோதித்தால் சரியாக இருக்கும், தரையில் விட்டால் தவறும். சுமை ஏறும்போதுதான் கரண்ட் ஏறுகிறது, அதனால்.

மோட்டார் கரண்ட் திரும்பும் பாதை தனியாக இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவிலிருந்து தடிமனான வயர் ஒன்று நேராக டிரைவரின் கிரவுண்ட் திருகுக்குப் போகட்டும். அதே திருகிலிருந்து இன்னொரு வயர் ஆர்டுயினோவுக்கு. சென்சார்களின் கிரவுண்ட் எல்லாம் ஆர்டுயினோவில் முடியட்டும். மோட்டார் கரண்ட் பிரெட்போர்டைத் தொடவே கூடாது.

மோட்டாரில் கெப்பாசிட்டர் எப்படிப் பற்றவைப்பது? எத்தனை?

‘104’ என்று அச்சிட்ட சிறிய செராமிக் கெப்பாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, ரேடியோ பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு மோட்டாருக்கு மூன்று: இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உறைக்கு ஒவ்வொன்று. முதலில் குறுக்கே ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

உறையில் சாலிடர் ஒட்டுவதுதான் கஷ்டம். உறையின் பளபளப்பான மேல்பூச்சில் ஈயம் உருண்டையாகி வழுக்கி ஓடும். அரம் அல்லது உப்புத்தாளால் பயறு அளவு இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சாலிடரிங் அயர்ன் நன்றாகச் சூடான பிறகு வையுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் தண்ணீர் போலத் தட்டையாகப் பரவினால் பிடித்துவிட்டது என்று பொருள். உடனே அயர்னை எடுத்துவிடுங்கள். முனைகளைத் தாங்கும் பின்மூடி பிளாஸ்டிக், சூடு நீடித்தால் உருகி உள்ளே பிரஷ் சாய்ந்துவிடும். நான் இப்படி ஒரு மோட்டாரைக் கெடுத்திருக்கிறேன். வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது, உள்ளே பிரஷ் ஒரு பக்கம் தொடவில்லை.

கெப்பாசிட்டரின் கால்களைக் குட்டையாக வெட்டி, மோட்டார் மேலேயே பற்றவையுங்கள். டிரைவர் போர்டின் பக்கம் வைத்தால் பயன் குறைவு, ஏனென்றால் பொறியின் மின் இரைச்சல் அதற்குள் வயர் முழுவதும் ஓடி, அந்த வயரே ஏரியல் ஆகிவிடும். மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் சடை பின்னுவது போல ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். இதற்குக் காசு எதுவும் ஆகாது, பலன் நன்றாகத் தெரியும்.

பெரிய கெப்பாசிட்டர் போட்டால் இன்னும் நல்லதா?

மோட்டார் முனையில் கூடாது. வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவர் மோட்டாரை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆன், ஆஃப் செய்கிறது (இதுதான் பிடபிள்யூஎம்). ஊனோவின் பெரும்பாலான பின்களில் அது 490 முறை, 5, 6-ஆம் பின்களில் சுமார் 980. ஒவ்வொரு முறையும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பி வழிய, டிரைவர்தான் அடிபடும். அதிலும் எலக்ட்ரோலைட்டிக் வகையை மோட்டாரில் போடவே கூடாது. அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மோட்டார் திசை மாறினால் அது தலைகீழாகி வெடிக்கும்.

எலக்ட்ரோலைட்டிக்கின் இடம் வேறு. 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றை, டிரைவரின் பேட்டரி திருகுகளுக்கு மிக அருகில், துருவம் பார்த்து மாட்டுங்கள். மோட்டார் கிளம்பும் கணத்துக்கு அது சின்னத் தண்ணீர்த் தொட்டி மாதிரி உதவும். வலுவில்லாத பேட்டரியை அது வலுவாக்கிவிடாது.

கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு போடச் சொல்கிறார்களே?

ஒரே திசையில், ஒரு டிரான்சிஸ்டரால் ஓட்டும் மோட்டாருக்கு அவசியம். முன்னும் பின்னும் ஓடும் மோட்டாரின் குறுக்கே ஒற்றை டயோடு போட்டால், ஒரு திசையில் அது நேராக ஷார்ட். எல்298 சிப்புக்குள் டயோடு இல்லை, ஆனால் கடையில் விற்கும் சிவப்பு மாட்யூலில் எட்டு டயோடு வைத்திருப்பார்கள். எல்293 வகை என்றால் கடைசியில் ‘டி’ இருக்கிறதா என்று பாருங்கள், அதில்தான் உள்ளேயே டயோடு உண்டு.

மோட்டார் ஓடும்போது அல்ட்ராசோனிக் சென்சார் 0 காட்டுகிறது, ரோபோ ஒரு நொடி நின்று நின்று போகிறது.

அந்த ‘ஒரு நொடி’தான் துப்பு. எதிரொலிக்காகக் காத்திருக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதுவும் வரவில்லை என்றால் வழக்கமாக 1 நொடி காத்திருக்கும். ஒரு அளவு தவறினாலும் ரோபோ முழுவதும் அதுவரை குருடாக நிற்கும். காத்திருக்கும் நேரத்தை 25,000 மைக்ரோசெகண்ட் என்று குறைத்துவிடுங்கள். 4 மீட்டர் தூரத்துக்கு அது போதும். இரண்டு அளவுகளுக்கு நடுவே 60 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு, மூன்று அளவு எடுத்து, நடு எண்ணை மட்டும் நம்புங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒரு தவறான 0 மூன்றையும் கெடுத்துவிடும். சென்சார் காலிலேயே 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 104 போட்டால் இன்னும் நல்லது.

சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாரைச் சேர்த்ததும் ஒரு சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. சர்வோவின் இரைச்சலா?

9 அல்லது 10-ஆம் பின்னில் அந்த மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு இருக்கிறதா? அப்படியானால் இரைச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊனோவில் சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ எடுத்துக்கொள்ளும்; 9, 10-ஆம் பின்களில் பிடபிள்யூஎம் வேலை செய்யாது. பஸரில் ஒலி எழுப்பும் டோன் கட்டளை அதேபோல 3, 11-ஆம் பின்களைப் பாதிக்கும். வேகக் கட்டுப்பாட்டை 5, 6-க்கு மாற்றினால் தீர்ந்தது. இதை அறியாமல் நான் ஒரு டிரைவர் போர்டையே மாற்றினேன். கோளாறு வந்தது எதைச் சேர்த்த பிறகு என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

சர்வோவுக்கான மின்சாரத்தை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுப்பதையும் தவிருங்கள். அதுவும் ஒரு மோட்டார்தான்.

டிஸ்ப்ளேவோ, திரும்புவதை அளக்கும் ஜைரோ சென்சாரோ மாட்டியிருக்கிறேன், சில நிமிடத்தில் மொத்தமும் உறைந்துவிடுகிறது. ரீசெட் சிமிட்டலும் இல்லை.

இவை ஆர்டுயினோவோடு பேசும் ஐ2சி வயரில் பொறியின் இரைச்சல் புகுந்து, ஆர்டுயினோ வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. வயரைச் சுருக்குங்கள், மோட்டார் வயரோடு கட்டாமல் எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள். மாட்யூலில், சிக்னல் வயரை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டர் இல்லையென்றால் 4.7 கிலோஓம் இரண்டு போடுங்கள், போர்டுக்குள் இருப்பது மிகவும் பலவீனம். ஐ2சி-க்கான ‘வயர்’ (Wire) என்ற ப்ரோக்ராம் லைப்ரரியின் புதிய பதிப்புகளில் காத்திருப்புக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. அது தானாக இயங்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

ஊனோவுக்குப் பதில் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டுக்கு மாறினால் தொல்லை குறையுமா?

மின்சார விஷயத்தில் கூடும். வைஃபை அனுப்பும் கணங்களில் அதுவே நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் இழுக்கும். ஒரு நன்மை, வோல்டேஜ் சரிந்தால் ‘பிரவுன்அவுட்’ என்று சீரியல் மானிட்டரில் அதுவே எழுதிக் காட்டும். அந்த எச்சரிக்கையை ப்ரோக்ராமில் அணைத்துவிடச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். சரிவு அப்படியேதான் இருக்கும், சொல்வதற்குத்தான் ஆள் இருக்காது.

முன்னால் போகும்போது சரி, சட்டென்று பின்னால் திருப்பினால் மட்டும் ரீசெட்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. முழு வேகத்தில் திசையைத் திருப்பினால் அது உண்டாக்கும் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் சேர்ந்துகொள்ளும், கரண்ட் கிளம்பும்போது இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை போகும். நிறுத்தி, 200 மில்லிசெகண்ட் விட்டு, பிறகு திருப்புங்கள். வேகத்தையும் 0-விலிருந்து முழு வேகமான 255-க்கு ஒரே தாவலாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்றுங்கள். கியரின் பற்களுக்கும் நல்லது.

ஆப்டோகப்ளர், ஃபெரைட் வளையம் எல்லாம் வேண்டுமா?

இந்த அளவு ரோபோவுக்கு வேண்டாம்.

நாளைக் காலை போட்டி. கடை மூடிவிட்டது. கையில் இரண்டு 104 கெப்பாசிட்டர்தான் இருக்கிறது.

இரண்டு மோட்டாருக்கும் குறுக்கே ஒவ்வொன்று. பிறகு மோட்டார் வயர்களை முறுக்குங்கள், சென்சார் வயர்களிலிருந்து விலக்கி டேப் ஒட்டுங்கள். பேட்டரி நெகட்டிவை டிரைவர் திருகுக்கு நேராக மாற்றுங்கள். ப்ரோக்ராமில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் நான்கு வரிகளைச் சேருங்கள். வீட்டில் மொபைல் பவர்பேங்க் இருந்தால் யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோவுக்கு மட்டும் அதைக் கொடுங்கள், மோட்டாருக்குப் பழைய பேட்டரியே இருக்கட்டும், கிரவுண்ட் வயரை மட்டும் கழற்றாதீர்கள். கடைசியாக, ஒவ்வொரு ஜம்பர் வயரையும் விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். எது ஆடும்போது எல்இடி மூன்று முறை சிமிட்டுகிறதோ, அந்த வயரை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.